முப்பிடாதிக்குத் தலைத்தண்ணி

எருக்கலம்பட்டியில் ஒரு பிள்ளையின் வயசை உயரத்தை வைத்துச் சொல்ல முடியாது, மழையை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்து வாசலில் வரிசையாக நிறுத்திப் பார்த்தால், நன்றாகப் பெய்த வருசத்தில் தாய்ப்பால் குடித்த பிள்ளை மூன்றாம் வகுப்பில் நெடுநெடுவென்று நிற்கும், வானம் ஏமாற்றிய வருசத்தில் பிறந்தது ஐந்தாம் வகுப்பில் அதன் தோளுக்குக் கீழே நிற்கும், புதிதாக வருகிற வாத்தியார்கள் எல்லாரும் முதல் வாரம் தம்பியை அண்ணன் என்றும் அண்ணனைத் தம்பி என்றும் கூப்பிட்டு அசடு வழிவார்கள். ஊர்க்காரர்கள் திருத்த மாட்டார்கள், எத்தனை பேரைத்தான் திருத்துவது. கரிசல் காடு, கிணறு கிடையாது, வாய்க்கால் கிடையாது, குடிக்க ஒரு ஊருணி, மற்றதெல்லாம் மேலே பார்த்த பிழைப்பு. பெய்தால் உளுந்தும் கம்பும் வீட்டுக்கு வரும், பிள்ளைகள் கன்னத்தில் சதை வரும். பெய்யாவிட்டால் தலைமயிர் செம்பட்டையாகி, கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் ஆளுக்கு முன்னால் வந்து நிற்கும்.

இதைச் சொல்லிவிட்டுத்தான் வடிவு மகள் கதைக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் கேட்கிறவர்களுக்கு ஊரைத் திட்டத் தோன்றும். திட்டட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, கேட்டு முடித்துவிட்டுத் திட்டட்டும்.

அதற்கு முந்தின மூன்று வருசமும் மழைக்குக் கிறுக்குப் பிடித்திருந்தது. ஒரு வருசம் புரட்டாசியில் விதைத்தவர்களை எல்லாம் வாய் பார்க்க வைத்துவிட்டு மார்கழியில் ஆடி அசைந்து வந்தது. அடுத்த வருசம் நேரத்துக்கு வந்து எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டு, களத்தில் குவித்த உளுந்து குவியலிலேயே முளைவிடும்படி தையில் திரும்பவும் வந்தது. மூன்றாம் வருசம் பருவம் முழுவதற்குமான தண்ணீரை ஒரே நாளில் கொட்டி, விதையையும் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடையோடு போனது. நாலாம் வருசம் புரட்டாசிக் கடைசியில் ஒரு தூறல் விழுந்தது. அதை நம்பி விதைத்தார்கள், நம்பாமல் விதையை வைத்துக்கொண்டு என்ன செய்ய, விதைத்தது முளைத்தது, முளைத்ததோடு சரி, ஐப்பசி பாதி போயும் வானம் கழுவிக் கவிழ்த்த வட்டில் மாதிரி கிடந்தது. அங்கன்வாடியில் கொடுக்கிற சத்துமாவைப் பிள்ளைகள் அங்கேயே தின்னாமல் மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தன, அதைக் கரைத்து வீட்டில் எல்லாரும் குடித்தார்கள்.

அப்போதுதான் ஆவுடையப்பன் மகள் முப்பிடாதிக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்து வயசுப் பிள்ளை, மழை இல்லாத வருசத்தில் பிறந்ததால் மூன்று வயசு உயரம், வாய் மட்டும் பத்து வயசு. தாய்க்காரி சண்முகவடிவு, ஊருக்கு வடிவு, சுக்குத் தட்டிக் கசாயம் போட அடுப்பைப் பற்ற வைத்தவள் எதற்கும் இருக்கட்டும் என்று பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு முத்து, உளுந்து அளவுக்கு, உள்ளே தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது. வடிவு அடுப்பை அணைத்தாள். அம்மையை எங்கள் பக்கத்தில் நோய் என்று சொல்வதில்லை, ஆத்தா வந்திருக்கிறாள் என்பார்கள், மாரி இறங்கியிருக்கிறாள் என்பார்கள். அவள் இருக்கிற வீட்டில் தாளிக்கக் கூடாது, அடுப்பே மூட்டக் கூடாது, மருந்து மாத்திரை ஆகாது, தலையில் தண்ணீர் படக் கூடாது. முத்து வாடின பிறகு, ஒரு ஒற்றைப்படை நாளில், வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை முற்றத்தில் வெயிலில் வைத்து, அடுப்புச் சூடு படாமல் வெயில் சூட்டிலேயே காய்ந்த அந்தத் தண்ணீரைத் தலைக்கு ஊற்ற வேண்டும், ஊற்றினால்தான் ஆத்தா மலையேறுவாள், அதுவரைக்கும் அவள் அந்த வீட்டு விருந்தாளி. வடிவு வேப்பங்குலை ஒடிக்க வெளியே வந்தாள். கை கிளையில் பட்டது, மழை தொடங்கியது.

நல்ல மழை. இடி இல்லை, காற்று இல்லை, மண்ணுக்குள் இறங்கட்டும் என்று பொறுமையாகப் பெய்கிற மழை, அதுவும் எருக்கலம்பட்டி எல்லைக்குள் மட்டும். வடக்கே ஓடை வரைக்கும் பெய்தது, தெற்கே தார்ரோட்டுப் பாலம் வரைக்கும் பெய்தது, அந்தப் பக்கம் ஒரு பொட்டு இல்லை. மினிபஸ் டிரைவர் பாலத்தில் வைப்பரைப் போட்டுவிட்டு ஓடையில் நிறுத்தினார், ரெண்டாம் நாளே அது அவருக்குக் கியர் மாற்றுவது மாதிரி பழகிப்போனது. பக்கத்து ஊர்க்காரர்கள் குடத்தோடு எல்லையில் வந்து நின்றார்கள். சிலர் வயிற்றெரிச்சலில் ஏதேதோ பேசினார்கள், மற்றவர்கள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஏன் இப்படி என்று எங்கள் ஆட்கள் யாரும் கேட்கவில்லை. கோயில் சாவியை வைத்திருப்பவரும் ஊரில் அதிகமாக உளுந்து விதைத்தவருமான குருசாமி, மழையும் மாரி, ஆத்தாவும் மாரி, ரெண்டுக்கும் ஒரே பேரை வைத்துவிட்டு இத்தனை காலமும் ரெண்டும் தனித்தனியாக வந்து போனதுதான் அதிசயம் என்று டீக்கடையில் சொன்னார், சரிதானே என்று எல்லாரும் டீயைக் குடித்தார்கள். ஆனால் செய்ய வேண்டியதைக் குறைவில்லாமல் செய்தார்கள். வடிவு வீட்டுத் தெருவில் யாரும் செருப்புப் போட்டு நடக்கவில்லை, ஒரு வீட்டில் தாளிக்கக் கூடாது என்பதை ஊருக்கே ஆக்கி எல்லாரும் கடுகு வெடிக்காத குழம்பைக் குடித்தார்கள், டீக்கடையில் பாட்டு நின்றது. வடிவு வீட்டுக்குக் கஞ்சி அக்கம்பக்கத்திலிருந்து வந்தது, முப்பிடாதிக்கு இளநீர் வந்தது, மோர் வந்தது, நுங்கு கிடைக்காத மாதத்தில் யாரோ எங்கிருந்தோ நுங்கு கொண்டுவந்தார்கள். ஒரு முழு இளநீரைத் தனியாகக் குடித்தறியாத பிள்ளை, வேப்பிலைப் படுக்கையில் சாய்ந்துகொண்டு, அம்மா, நான் பெரிய ஆளாயிட்டேனா என்று கேட்டது.

காலையில் காட்டுக்குப் போகிற சம்சாரிகள் முன்பெல்லாம் கிழக்கே பார்ப்பார்கள், இப்போது வடிவு வீட்டு வாசலில் நின்று பிள்ளையைப் பார்த்தார்கள். முத்து கூடினால் மழை கூடும், முத்து குறைந்தால் குறையும், அவ்வளவு கணக்கு போதாதா. முதுகில் புதுசாகப் போட்டிருக்கிறதா என்று கேட்பார்கள், பிள்ளை திரும்பிப் படுத்துக் காட்டும், போட்டிருக்கிறது என்று தெரிந்தால் இன்றைக்கு உரம் போட வேண்டாம், கரைந்து போகும் என்று பேசிக்கொண்டே போவார்கள். பிள்ளைக்கு அரிப்பு தாங்காது. சொறியக் கூடாது என்று வடிவு வேப்பங்கொழுந்தால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். கை வலித்தாலும் மாற்றிக்கொள்ள மாட்டாள்.

ஒரு வாரத்தில் முத்து வாடியது, காய்ச்சல் விட்டது, மழை தூறலாக இளைத்தது. வடிவுக்கு அப்பாடா என்றிருந்தது. ஒற்றைப்படை நாள் பார்த்து, பித்தளைப் பானையில் தண்ணீர் நிறைத்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு முற்றத்தில் வைத்துவிட்டு வெயிலுக்குக் காத்திருந்தாள். வெயில் எங்கே வரும்? ஆத்தா வீட்டில் இருக்கிறவரை மேகம் கலையாது, மேகம் கலையாதவரை தண்ணீர் காயாது, தண்ணீர் காயாதவரை ஆத்தா போக மாட்டாள். தூறல் பானைக்குள் விழுந்து விழுந்து தண்ணீர் இன்னும் சில்லென்று ஆனது. மறுநாள் வைத்தாள், அதற்கு மறுநாளும் வைத்தாள். பிறகு குருசாமியிடம் போய், மாமா, இதுக்கு ஏதாவது வழி இருக்கா என்று கேட்டாள்.

குருசாமி கெட்டவரில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் பேரன் ரெண்டு பேரும் அங்கன்வாடி மாவில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் காட்டில் உளுந்து பூவெடுத்திருந்தது, எல்லார் காட்டிலும் எடுத்திருந்தது, இன்னும் கொஞ்சம் ஈரம் இருந்தால் காய் பிடித்துவிடும். அவர் வடிவைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“வெயில் வந்தா ஊத்தும்மா. நாங்க வேண்டாம்னா சொன்னோம்?”

ஒருத்தரும் அவளைத் தடுக்கவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள், ஒருத்தரும் கையைப் பிடிக்கவில்லை, வாசலை மறிக்கவில்லை. வழக்கம் அந்த வேலையைச் செய்தது. ஆவுடையப்பனும் அதையேதான் சொன்னான், வெயில் வரட்டும், ரெண்டு ஏக்கர் நமக்கும் பூத்துத்தானே நிற்கிறது என்று. சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனான்.

தலைத்தண்ணி தள்ளித் தள்ளிப் போக, வாடின முத்துக்கு மேலேயே புது முத்து எழுந்தது. உள்ளங்கையில் எழுந்தது, நாக்கில் எழுந்தது, இமைக்குள் எழுந்தது, மழை வலுத்தது. காட்டுக்குத் தேவையானது காட்டுக்குப் போக, மிச்சத் தண்ணீர் தெருவை அலசிக்கொண்டு, மாட்டுச் சாணத்தையும் குப்பையையும் இழுத்துக்கொண்டு ஊருணிக்குள் இறங்கியது. அந்தத் தண்ணீரைத்தான் ஊர் குடித்தது. வயிறு காய்ந்து கிடந்த பிள்ளைகளுக்கு இப்போது வயிற்றால் போகத் தொடங்கியது, ஒரு வீடு விடாமல் போனது. மழை இல்லாமல் வாடின பிள்ளைகள் மழையில் இன்னும் வாடின. நர்சம்மா பாலத்தில் இறங்கி நனைந்துகொண்டே வந்து, வீட்டுக்கு வீடு உப்புச்சர்க்கரைப் பொட்டலம் கொடுத்து, கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள். வடிவு வீட்டுக்குள் போகப் பார்த்தபோது மட்டும் ஆத்தா வீட்டுக்கு ஊசி ஆகாது என்று பெண்களே தெருமுனையில் நின்று கைகூப்பினார்கள். அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் தங்காது என்று அவள் கோபமாகவே சொன்னாள். கேட்ட எல்லாருக்கும் அது உண்மை என்று தெரிந்தது.

வடிவு அன்றைக்கே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். அப்போது மாரிக்கனி வந்தாள். மாரிக்கனி மூன்றாவது வீட்டுக்காரி, வடிவுக்கு மதினி முறை, வடிவின் பிரசவத்தில் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டவள். இடுப்பில் அவள் மகன் சுடலைமணி, ரெண்டு வயசு, அழக்கூடத் தெம்பில்லாமல் தலையைத் தாயின் தோளில் சாய்த்துக்கிடந்தான், பாதம் ரெண்டும் நீர்கோத்து வீங்கியிருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் சில தாய்மார், ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒன்று. எல்லாரும் வாசலில் மழையில் நின்றார்கள்.

“ஏ வடிவு, ஒம்பிள்ளை இன்னும் கொஞ்ச நாள் படுத்திருக்கணும், அம்புட்டுத்தான். எம்பிள்ளை அடுத்த வருசம் இருக்கணும்.”

வடிவு அவள் முகத்தைப் பார்த்தாள், சுடலைமணியின் பாதத்தைப் பார்த்தாள். ஆம்பிளைகள் யாராவது வந்து இதைச் சொல்லியிருந்தால் வாரியலால் அடித்துவிட்டுப் போயிருப்பாள். பிள்ளையைப் பெற்றவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்கும்போது எதால் அடிப்பது. முப்பிடாதியை உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு, சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள்.

கார்த்திகை பிறந்தது. உளுந்து காய் பிடித்தது, காய்க்குள் மணி இன்னும் பாலாகவே இருந்தது. ஊரில் பேச்சு அந்த மணியைப் பற்றித்தான், மணி முற்ற ரெண்டு மழை வேண்டும், மூன்று மழை வேண்டும் என்று. முப்பிடாதி இளநீரை வாங்குவதை நிறுத்தியிருந்தாள். அரிக்கிறது என்று சொல்வதில்லை, வலிக்கிறது என்று சொல்வதில்லை, காலையில் வாசலில் ஆள் நிழல் தெரிந்தால் யாரும் கேட்காமலே முதுகைத் திருப்பிக் காட்டுவாள். அந்த வாய்க்காரி வாயைத் திறந்து நாளாகிவிட்டது. ஒரு மத்தியானம் வடிவு அவள் உதட்டில் துணியை நனைத்துத் தடவிக்கொண்டிருந்தபோது கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

“எம்மா, ஊருக்கு இன்னும் எம்புட்டு மழை வேணும்?”

வடிவு துணியைக் கீழே வைத்தாள். எழுந்தாள். மூலையில் கிடந்த பித்தளைப் பானையைக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தாள். அடுப்பு எரிந்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது, விறகெல்லாம் ஈரம், தீக்குச்சி கிழிக்கக் கிழிக்க நமுத்தது, கடைசியில் பிடித்த குச்சியும் விறகில் புகைந்து அணைந்தது. அவள் ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்து இருமிக்கொண்டிருந்தபோது ஆவுடையப்பன் வந்து நின்றான்.  பரண்மேல் ஏறினான், காளைகளை விற்ற வருசத்திலிருந்து அங்கே சும்மா கிடந்த நுகத்தடியை இறக்கினான், கோடாலியால் பிளந்தான். எண்ணெய் ஏறி ஊறின காய்ந்த மரம், ஒரே குச்சியில் பிடித்துக்கொண்டது.

ஆத்தா வீட்டில் புகை எழும்புவதைக் கண்டு ஊர் திரண்டது. செருப்பில்லாத காலோடு சேற்றில் வந்து வாசலில் கூடினார்கள், குருசாமி முன்னால் நின்றார், மாரிக்கனி பின்னால் நின்றாள். வாசல்படியில் ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தான், கோடாலியைச் சுவரில் சாத்திவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தான், கையில் ஒன்றுமில்லை. குருசாமி, இன்னும் ஒரு வாரம் மாப்ளே, மணி பால் கட்டி நிற்கிறது என்று கெஞ்சினார். அடுப்புத் தண்ணீரை ஆத்தா தலையில் ஊற்றினால் ஊர் விளங்காது என்று யாரோ சொன்னார்கள். ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டு, எனக்கும் அந்தக் காட்டில் ரெண்டு ஏக்கர் இருக்கு மாமா என்றான், அழுதான். யாரும் அவனைத் தாண்டிப் போகவில்லை. உள்ளே வடிவு பிள்ளையை மடியில் சாய்த்து, கை பொறுக்கிற சூட்டில் தண்ணீரை அள்ளித் தலைக்கு ஊற்றினாள்.

மழை நின்றது. இளைத்து, தூறி, விட்டு விட்டு நிற்கவில்லை. ஓட்டின்மேல் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் பாதியில் அறுந்தது. எல்லார் தலையிலும் வெயில் அடித்தது. கூட்டம் கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றது, பிறகு ஒவ்வொருத்தராகக் கலைந்து வீட்டுக்குப் போய்ச் செருப்பைத் தேடி எடுத்தார்கள். சாயங்காலம் எல்லா வீட்டிலும் கடுகு வெடித்தது. மறுநாள் ஆவுடையப்பன் பிள்ளையை மினிபஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான், யாரும் தெருமுனையில் நிற்கவில்லை.

முப்பிடாதி பிழைத்துக்கொண்டாள். முகமெல்லாம் தழும்பு, ஒரு கண்ணில் பார்வை மங்கல், ஆனால் மார்கழிக்குள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள், தைக்குள் வாயும் திரும்பி வந்துவிட்டது. உளுந்து பிழைக்கவில்லை. பால் கட்டின மணி அப்படியே சுருங்கி, காயை உடைத்தால் உள்ளே பொக்கு. ஊர் வடிவை ஒரு வார்த்தை ஏசவில்லை, தண்ணீர் எடுக்கப் போனால் ஒதுங்கி வழிவிட்டார்கள், அவளிடம் குரல் உயர்த்திப் பேசுகிறவர்கூட இல்லை, ஏசியிருந்தால் தேவலை என்று அவள் நினைத்தாள். வயிற்றால் போய்த் தளர்ந்திருந்த பிள்ளைகளுக்குத் தேறுவதற்குச் சோறு வேண்டியிருந்தது, சோறு இல்லை. மாசியில் சுடலைமணி போனான். மழையில் குடித்த தண்ணீரால் போனான் என்று நர்சம்மா சொன்னாள், மழை நின்றதால் போனான் என்று ஊர் சொன்னது. 

பதினாறு கழிந்து ஒரு பகலில் மாரிக்கனி வடிவு வீட்டுக்கு வந்தாள். வடிவு எழுந்து பாயைத் தேடினாள். மாரிக்கனி தானாகவே தரையில் உட்கார்ந்தாள். விளையாடிக்கொண்டிருந்த முப்பிடாதியைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டு, அவள் கன்னத்துத் தழும்பு ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் தடவினாள். தடவிக்கொண்டே, உன்னைக் குற்றம் சொல்ல வரவில்லை, நானாக இருந்தாலும் ஊற்றித்தான் இருப்பேன் என்றாள். வடிவு உடைந்து அழுதாள். மாரிக்கனி அவள் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் வடிவு. என் சுடலைக்கு முத்துப் போட்டு, ஒம்பிள்ளை வயித்துக்கு இல்லாமக் கெடந்திருந்தா, நீ என்னையத் தண்ணி ஊத்த விட்டிருப்பியா?”

உள்ளறையில் கயிறு திரித்துக்கொண்டிருந்த ஆவுடையப்பன் கையை நிறுத்தினான். விட்டிருப்பேன் என்று சொல்லலாம், சொல்லியிருந்தால் மாரிக்கனி நம்பவும் செய்திருப்பாள். வடிவு பிள்ளையைப் பார்த்தாள்.

“விட்டிருக்க மாட்டேன், மதினி.”

மாரிக்கனி தலையை ஆட்டினாள். பிறகு பொழுது அடையும்வரை பிள்ளையை மடியிலிருந்து இறக்கவில்லை, வடிவும் கேட்கவில்லை.